வீட்டிலேயே வள்ளைக்கீரை மைக்ரோகிரீன்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் வளரும் கீரைத் தட்டுகளைப் பார்க்க வருகிறவர்களும், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு என்று அங்கிருந்து போனில் கூப்பிடுகிறவர்களும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை ஒட்டியே இருக்கும்.

அக்கா, இது இன்னா கீரை? பசலையா, பாலக்கா?

இரண்டும் இல்லை. ஏரி, குளம், வயல் வாய்க்கால் ஓரமாகத் தண்ணீர்மேல் படர்ந்து போகும் கொடி இது. தண்டு உள்ளே குழலாக இருக்கும், பூ வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ புனல் வடிவத்தில் பூக்கும். வள்ளைக்கீரை, வள்ளல்கீரை என்று சொல்வார்கள். இலங்கைத் தமிழர்கள் கங்குன் என்பார்கள். விதைப் பாக்கெட்டில் பெரும்பாலும் கங்குங் அல்லது வாட்டர் ஸ்பினாச் என்றுதான் போட்டிருக்கும். சர்க்கரைவள்ளிக்கிழங்கின் குடும்பம்.

கொடியாக வளர விடாமல், முளைத்து, விதைக்குள்ளிருந்து முதலில் வரும் விதையிலை விரிந்ததுமே அறுத்துச் சாப்பிடுவதுதான் மைக்ரோகிரீன்.

முளைகட்டின பயறும் இதுவும் ஒண்ணுதானே?

முளைகட்டிய பயற்றில் விதை, வேர், முளை எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிடுகிறோம். ஈரத்துணிக்குள் இருட்டில் இரண்டு நாளில் முடிந்துவிடும் வேலை அது. மைக்ரோகிரீன் வெளிச்சத்தில் பச்சையாகும், பத்து நாள் போல ஆகும். வேரையும் விதையையும் விட்டுவிட்டு மேலே இருக்கும் தண்டையும் இலையையும் மட்டும் அறுக்கிறோம்.

கிருமி விஷயத்திலும் வித்தியாசம் உண்டு. ஈரமும் சூடும் சேர்ந்த மூட்டைக்குள் கிருமி வேகமாகப் பெருகும். காற்றோட்டமாக வளரும் கீரையில் அந்த அபாயம் குறைவு. குறைவுதான், அறவே இல்லாமல் போகாது. பச்சையாகச் சாப்பிடுவதைப் பற்றிய கேள்வியில் இதை மறுபடி பார்ப்போம்.

நம்ம ஊர் வெயில்ல மைக்ரோகிரீன் எல்லாம் வருமா? ப்ராக்கோலி போட்டேன், எல்லாம் அழுகிடுச்சு

ப்ராக்கோலி, முள்ளங்கி, கடுகு இனங்கள் எல்லாம் குளிர்ச்சியை விரும்புபவை. அவற்றுக்கு 18 முதல் 24 டிகிரி வரை சுகமாக இருக்கும். சித்திரை வைகாசியில் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, வீட்டுக்குள்ளேயே அந்தக் குளிர்ச்சியை ஏ.சி. போடாமல் தர முடியாது. அழுகியது உங்கள் கைராசியால் இல்லை. நம் ஊருக்கு ஒவ்வாத விதை, அவ்வளவுதான்.

வள்ளைக்கீரை வெப்ப நாட்டுச் செடி. 25 முதல் 35 டிகிரி வரை நன்றாக முளைக்கும். நம் ஊரில் மார்ச் முதல் அக்டோபர் வரை வீட்டுக்குள் நிழலில் இருக்கும் சூடு அதற்குச் சரியாகப் பொருந்தும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து விலையுயர்ந்த விதைகளை வாங்கி வருத்தப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: நம் ஏரிக்கரையில் தானாக வளர்கிற செடியிலிருந்து தொடங்குங்கள்.

கத்திரி வெயிலில் இரண்டே விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டு மொட்டை மாடி வெயிலில் இருக்கக் கூடாது. மதியம் டேங்கிலிருந்து வரும் தண்ணீரை ஊற்றவே கூடாது. கை வைத்தால் சுடுகிற அந்தத் தண்ணீர் இளம் வேரை அவித்துவிடும். முந்தின ராத்திரியே ஒரு பக்கெட்டில் பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் அதுவும் இதில் பெருமளவு போய்விடும்.

விதை எதை வாங்கறது? கலர் கலரா இருக்கே

கலராக இருந்தால் வாங்காதீர்கள். இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் பூசினாற்போல இருக்கும் விதை பூஞ்சணக் கொல்லி மருந்தில் புரட்டியது. தைரம், கேப்டான் போன்றவற்றைப் பூசுவார்கள். வயலில் விதைத்துப் பல வாரம் கழித்து அறுக்கும் பயிருக்காகச் செய்வது அது. பத்து நாளில் வாயில் போடும் கீரைக்கு ஆகவே ஆகாது. கழுவினால் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நம்பி இறங்க வேண்டாம்.

இயற்கையான விதை பழுப்பு நிறத்தில் மிளகு அளவு இருக்கும். ஒரு பக்கம் உருண்டு, மறுபக்கம் தட்டையாக இருக்கும். பாக்கெட்டில் மருந்து பூசாதது என்று எழுதியிருக்கிறதா, விஷக் குறி ஏதும் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். சில்லறையாக அளந்து தந்தால் எந்த மூட்டையிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டு அந்தச் சீட்டைப் பாருங்கள். சங்கடப்படாமல் கேட்கலாம், நாம் தின்னப்போகிற பொருள்.

ஊற வைக்காம போட்டா முளைக்காதா?

முளைக்கும். ஒன்று இன்றைக்கு, இன்னொன்று நாலு நாள் கழித்து என்று முன்னும் பின்னுமாக முளைக்கும். மைக்ரோகிரீனில் எல்லாம் ஒரே உயரத்தில் எழுந்தால்தான் ஒரே நாளில் அறுக்க முடியும். இந்த விதையின் தோல் கெட்டியானது. அதனால் ஊற வைப்பது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, சாயங்காலம் ஊறப் போட்டால் மறுநாள் காலை சரியாக இருக்கும். கோடையில் 10 முதல் 12 மணி நேரம் போதும். மார்கழியில் 24 மணி நேரம் வரை விடலாம், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். புளித்த வாடை வந்தால் அதிகமாக ஊறிவிட்டது என்று அர்த்தம்.

ஊறின விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை ஒன்றரை மடங்காக உப்பி, தோலில் கீறல் விட்டிருக்கும். சில மட்டும் போட்டபடியே கல்லாக இருக்கும். அவற்றைத் தனியே எடுத்து, உலர்த்தி, உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப் போடலாம். கொஞ்சம்தான் என்றால் தொட்டியில் தூவிவிடுங்கள், எப்போது வேண்டுமானாலும் முளைக்கட்டும்.

எதுல போடறது? மண்ணா, கோகோபீட்டா, டிஷ்யூ பேப்பரா?

டிஷ்யூ பேப்பரில் போட்டால் நம் ஊர்க் காற்றுக்கு மதியத்துக்குள் காய்ந்துவிடும். வீட்டில் ஒரு ஆள் அதற்கென்றே ஸ்ப்ரே பாட்டிலோடு உட்கார்ந்திருக்க வேண்டும். தென்னைநார்த் தூளைக் கட்டியாக அழுத்தி விற்கும் கோகோபீட்தான் சௌகரியம். ஆனால் கட்டியை ஊறவைத்து அப்படியே போடாதீர்கள். உப்பு அதிகமாக இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னும் இரண்டு முறை அலசுங்கள். கடைசியில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுதான் வடிய வேண்டும். அதுதான் சரியான ஈரம்.

மண்ணில் போடுவதாக இருந்தால் சுத்தமான தோட்டத்துச் செம்மண்ணோடு நன்றாக மக்கிய மண்புழு உரம் கொஞ்சம் கலந்தால் போதும். ஏரி வண்டல் வேண்டாம். பச்சைச் சாணி, மக்காத எரு எதுவும் பச்சையாகச் சாப்பிடும் கீரைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

ஒரு தட்டுக்கு எவ்ளோ விதை? அப்புறம் மூடி வைக்கணுமா?

ஒரு சதுர அடித் தட்டுக்கு உலர்ந்த விதை 25 முதல் 30 கிராம். அடியில் ஓட்டை உள்ள தட்டாக இருக்க வேண்டும், ஓட்டையில்லாத இன்னொரு தட்டுக்குள் அதை வைக்க வேண்டும். கோகோபீட் இரண்டு விரல் உயரம் பரப்பி, ஊறிய விதையை ஒரே அடுக்காகத் தூவுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. மேலே அரை விரல் கனத்துக்கு மெல்லிசாக கோகோபீட் தூவி மூடுங்கள். இந்த மேல்மூடாக்கு ஏன் முக்கியம் என்று விதைத்தோல் பற்றிய கேள்வியில் தெரியும்.

அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்க்காமல் நேராக வைத்து, ஒரு செங்கல்லைப் பாரமாக வையுங்கள். இருட்டும் பாரமும் சேரும்போது வேர் ஆழமாகப் பிடிக்கும், தண்டு தடியாக எழும். இரண்டு மூன்று நாளில் முளைகள் பாரத்தையே தூக்கப் பார்க்கும். அப்போது எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். கிழக்கு ஜன்னல் இருந்தால் காலை வெயில் போதும். மாடியில் வைப்பதானால் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வைக்கலாம். கத்திரி நாட்களில் அங்கிருந்தும் கீழே இறக்கிவிடுங்கள்.

அதற்கப்புறம் தண்ணீரை மேலே தெளிப்பதை நிறுத்தி, அடித்தட்டில் ஊற்றுங்கள். அரை மணி நேரத்தில் கோகோபீட் குடித்தது போக மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

போர் தண்ணி ஊத்தலாமா? ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணி வீணாப் போகுதே, அதை?

ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் வேண்டாம். வடிகட்டியில் பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க, பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது, ஆனால் உள்ளே தூசும் பாசியும் பிடித்த குழாய் வழியாக வருவதால் பச்சைக் கீரைக்கு அதுவும் வேண்டாம்.

போர் தண்ணீரைப் பற்றி நம் பக்கத்தில் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை நாடறிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்றும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்களுக்குப் பாடம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள், தங்கள் போர் தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்று சொல்வார்கள் என்றால், அதே தண்ணீரில் கீரை வளர்க்கவும் கூடாது. இது சட்டென்று உறிஞ்சுகிற செடி. தண்ணீரில் இருக்கும் கன உலோகங்களையும் சேர்த்து உறிஞ்சும்.

என் கணக்கு எளிமையானது. நீங்கள் குடிக்கிற தண்ணீர் எதுவோ அதையே ஊற்றுங்கள். ஒரு தட்டுக்கு நாளைக்கு ஒரு சொம்பு கூட ஆகாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதுவே போதும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் கோகோபீட்டின் மேலே வெள்ளைப் படிவு தெரியும், இலை நுனி பழுப்பாகக் கருகும்.

வேர் பக்கத்துல வெள்ளையா பஞ்சு மாதிரி கீது. பூஞ்சணமா?

வெளிச்சத்துக்கு எடுத்த அன்று பார்த்தால் பெரும்பாலும் வேர்த்தூவிதான், வேரில் இயல்பாகவே முளைக்கும் மெல்லிய முடி. ஒவ்வொரு வேரையும் சுற்றி ஒரே சீராக மென்மையாக இருக்கும். லேசாகத் தண்ணீர் தெளித்தால் வேரோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு மறைந்துவிடும்.

பூஞ்சணம் அப்படி மறையாது. ஒரு மூலையில் தொடங்கி, விதைக்கும் விதைக்கும் நடுவே நூலாம்படையாகப் பின்னும். தண்டின் அடி கண்ணாடி போல் வழுவழுத்துச் சாயும், பூசண வாடையும் வரும். ஒரு கை அகலம் மட்டும் என்றால் சுற்றிலும் கொஞ்சம் சேர்த்துத் தோண்டி எறிந்துவிட்டு, ஃபேன் காற்று படும்படி வைத்து, மீதியைச் சமைத்துச் சாப்பிடலாம். தட்டு முழுக்கப் பரவியிருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மஞ்சள் தூள், பட்டைத் தூள் தூவிக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். அடுத்த முறை விதையைக் குறைத்துத் தூவினால் பாதிப் பிரச்சினை தீரும். தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள், நம் ஊர் வெயில் அதற்கு நல்ல மருந்து.

தலையில தொப்பி போட்ட மாதிரி விதைத்தோல் ஒட்டிக்கிச்சு, போகவே மாட்டேங்குது

இந்தக் கீரையில் எல்லோருக்கும் வரும் தொந்தரவு இது. காரணம் காற்றில் ஈரம் இல்லாததுதான். தோல் காய்ந்து இலையைக் கவ்விக்கொள்கிறது. முன்னால் சொன்ன மேல்மூடாக்கும் பாரமும் இருந்தால், முளை கோகோபீட்டை முட்டிக்கொண்டு வரும்போதே பாதிக்குமேல் தோல் உரிந்து கீழே தங்கிவிடும்.

மீந்ததற்குச் சாயங்காலம் தலையில் மட்டும் மெலிதாக ஸ்ப்ரே செய்து, பத்து நிமிஷம் கழித்து உள்ளங்கையால் மேலாக வருடிவிடுங்கள். ஊறின தோல் தானாக உதிரும். காய்ந்திருக்கும்போது பிடித்து இழுத்தால் இலையும் சேர்ந்து கிழியும்.

எப்போ அறுக்கணும்னு எப்படித் தெரியும்?

இலையைப் பாருங்கள். இதன் விதையிலை மற்றக் கீரைகளைப் போல உருண்டையாக இருக்காது. கரிச்சான் குருவியின் வால் போல நடுவே ஆழமாகப் பிளந்திருக்கும். செடிக்கு இரண்டு இலைதான், பிளவினால் நாலு இருப்பது போலத் தெரியும். அந்தக் கவைகள் முழுசாக விரிந்து, நடுவில் ஈட்டிமுனை போன்ற முதல் இலை எட்டிப் பார்க்கிற சமயம்தான் பதம். உயரம் நாலு விரற்கடை முதல் அரைச் சாண் வரை இருக்கும். கோடையில் விதைத்து 8 முதல் 10 நாளில், குளிர்காலத்தில் இரண்டு வாரத்தில் இந்தப் பதம் வரும்.

அறுப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறுவதற்கு முன். அன்றைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே அறுக்க வேண்டும். ஒரு பிடியை இடது கையால் மெல்லச் சேர்த்துப் பிடித்து, கோகோபீட்டுக்கு ஒரு விரல் மேலே கூர்மையான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் அன்று மாலையே கறுக்கும்.

ஒரு தடவை வெட்டினா திரும்பத் துளிர்க்குமா?

விதையிலைக்குக் கீழே வெட்டினால் துளிர்க்காது. அங்கே கணு இல்லை. விதையிலையை விட்டுவிட்டு அதற்கு மேலே கிள்ளினால் இலைக்கக்கத்திலிருந்து துளிர் வரும், ஆனால் தட்டின் ஆழம் அதற்குப் போதாது.

ஆசை இருந்தால் ஓரமாக ஒரு கொத்தை வெட்டாமல் விட்டு, பழைய பக்கெட்டில் மண் நிரப்பி மாற்றி நடுங்கள். எப்போதும் ஈரமாக வைத்திருந்தால் கொடியாகப் படர்ந்து, மாதக்கணக்கில் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும்.

ஃப்ரிட்ஜ்ல வச்சேன், மறுநாள் கறுப்பாயிடுச்சு. ஏன்?

வெப்ப நாட்டுச் செடி என்று சொன்னேன் அல்லவா, அதன் மறுபக்கம் இது. குளிர் தாங்காது. ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், பின்சுவரை ஒட்டி வைத்தால் இலை கறுத்து நீர்விட்டுவிடும். கழுவி ஈரத்தோடு வைத்தால் இன்னும் சீக்கிரம்.

கழுவாமல், மெல்லிய பருத்தித் துணி விரித்த டப்பாவில் தளர்வாகப் போட்டு, கீழே காய்கறிப் பெட்டியிலோ கதவுப் பக்கமோ வையுங்கள். இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். இதைவிட நல்ல வழி, சமைக்கும் நேரத்தில் தேவையான அளவு மட்டும் தட்டிலிருந்து வெட்டிக்கொள்வது. நாலைந்து நாள் இடைவெளியில் சின்னச் சின்னத் தட்டாக விதைத்துக்கொண்டே போனால் சேமிக்கிற பேச்சே இல்லை. விற்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: அறுத்த கீரையாக விற்றால் நஷ்டம், வளர்ந்த தட்டோடு கொடுத்தால் வாங்கியவர் வீட்டிலும் புதுசாக இருக்கும்.

பச்சையா சாப்பிடலாமா, வேக வைக்கணுமா?

ஏரியில் பறித்த வள்ளைக்கீரையைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. சாக்கடை கலந்த தண்ணீரின் கிருமி ஒருபுறம், நீர்த்தாவரங்களில் ஒட்டியிருந்து வயிற்றுக்குள் போகும் குடல் தட்டைப்புழு இன்னொருபுறம். குடிதண்ணீரில் நம் கண்முன் வளர்ந்த தட்டுக்கீரையில், முன்னால் சொன்னபடி, அந்தப் பயம் குறைவு. ஓடும் தண்ணீரில் அலசி, தயிர்ப்பச்சடி, கோசுமல்லி, தோசை மேல் தூவல் என்று பச்சையாகவே சாப்பிடலாம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், நோயில் கிடப்பவர்கள், வயதானவர்களுக்கு மட்டும் சமைத்துக் கொடுங்கள்.

சமைப்பதானால் அடுப்பை அணைக்கும்போது போட வேண்டும். பாசிப்பருப்புக் கூட்டு இறக்கும் சமயம் ஒரு பிடி போட்டுக் கிளறினால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். கேழ்வரகு அடை மாவில் பொடியாக நறுக்கிப் போட்டால் தண்டு நறுக்கென்று கடிபடும். எங்கள் வீட்டில் அதற்குத்தான் முதல் போட்டி. நாலு பேருக்குப் பொரியல் பண்ண ஒரு தட்டு போதாது. அதை எதிர்பார்க்காதீர்கள்.

சாதாரணக் கீரையைவிட 40 மடங்கு சத்துன்னு சொல்றாங்களே? சுகர் கூடக் குறையுமாமே?

அந்த 40 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 25 வகை மைக்ரோகிரீன்களை அளந்தார்கள். சில வகைகளில் சில வைட்டமின்கள், முதிர்ந்த இலையில் இருப்பதைவிட 4 முதல் 40 மடங்கு வரை இருந்தன. சிவப்பு முட்டைக்கோஸ், கொத்தமல்லி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. வள்ளைக்கீரை இல்லை. ஆகவே இந்தக் கீரைக்கு அந்தக் கணக்கைச் சொல்வது தப்பு. நல்ல கீரை, வைட்டமின் ஏ, சி, இரும்பு எல்லாம் உண்டு, அதற்காகச் சாப்பிடலாம். எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை நம்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மாத்திரையோடு சாப்பாட்டில் இதுவும் ஒரு கீரை, அவ்வளவே.

கிட்னி கல் இருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் சாப்பிடறேன். சாப்பிடலாமா?

இதில் ஆக்சலேட் உண்டு, கிட்னி கல் உருவாகக் காரணமாகும் பொருள் அது. கல் வந்தவர்கள் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, அளவாகச் சாப்பிடுவது நல்லது. வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பச்சைக் கீரைகளில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று ஏறி இறங்குவதுதான் ஆபத்து. எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்த்திகை மழையில போட்டா எல்லாம் மெதுவா வருது

ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே போனால் இது சோம்பும். விதையைக் கால் பங்கு குறைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் காட்டி, சமையலறையில் சூடான மூலையாகப் பார்த்து வையுங்கள். மார்கழி, தை இரண்டு மாதம் இதை விட்டுவிட்டு வெந்தயமோ கடுகோ போடுவது புத்திசாலித்தனம். அப்போதுதான் அவை நம் ஊரில் நன்றாக வரும்.

ஏரியில இந்தக் கொடி நிறைய இருக்கே, அதுலேருந்தே விதை எடுத்துக்கலாமா?

எடுக்காதீர்கள். நம் ஏரிகளில் நெய்வேலிக் காட்டாமணக்கு புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. அதன் பூவும் இதே புனல் வடிவம், இதே இளஞ்சிவப்பு. இரண்டும் நெருங்கிய சொந்தம் என்பதால் முளையில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். காட்டாமணக்கு விஷச்செடி, அதைத் தொடர்ந்து மேய்ந்த ஆடுமாடு தள்ளாடி விழுந்து சாகும். வளர்ந்த செடியில் வித்தியாசம் தெரியும். காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், விதையில் பழுப்புப் பட்டு முடி அடர்த்தியாக இருக்கும். வள்ளை தண்ணீரோடு படுத்துப் படரும். ஆனாலும் காய்ந்த காயைப் பறித்து வந்து கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

வேலியில் அழகுக்குப் படரவிடும் ஊதா மார்னிங் குளோரியின் விதையும் இதே ஜாதிதான், அதையும் தின்னக் கூடாது. விதை சொந்தமாக வேண்டும் என்றால் மேலே சொன்ன பக்கெட்டுக் கொடியைப் பூக்க விடுங்கள். காய் பழுப்பாகிக் காய்ந்ததும் பறித்து, உடைத்து, நிழலில் உலர்த்தி வைத்தால் அடுத்த கோடைக்கு உங்கள் விதை தயார். அதில் எந்தச் சாயமும் இருக்காது, எந்தச் செடியிலிருந்து வந்தது என்ற சந்தேகமும் இருக்காது.

அறுத்த பிறகு மீந்த கோகோபீட்டை மறுபடி பயன்படுத்தலாமா?

இன்னொரு மைக்ரோகிரீன் தட்டுக்கு வேண்டாம். அழுகும் வேர்களும் முளைக்காத விதைகளும் அதில் இருக்கும், பூஞ்சணம் அங்கிருந்தே தொடங்கும். பாய் போல ஒட்டியிருப்பதைத் துண்டு துண்டாகப் பிய்த்து மக்குத் தொட்டியில் போடுங்கள். கத்தரி, தக்காளித் தொட்டி இருந்தால் நேராக மூடாக்காகவும் போடலாம். அதிலிருந்து ஒன்றிரண்டு வள்ளை முளைத்து வந்தால் பிடுங்க வேண்டாம், விதைக்கு ஆகும்.